நிலத்தில் உடையும் பிளாஸ்டிக்கும் கடலில் சேரும் துகளும்

(விவசாய டிமான்ஸ்டிரேடர் ஒருவர் எழுதியது)

ஆவுடையார்கோயில் தாலூகாவைச் சேர்ந்த ஒரு கிராமத்தில், விதை நேர்த்தியைப் பற்றிப் பேசுவதற்காகக் கூட்டிய குடியானவர் கூட்டமொன்றில், பேச்சு எப்படியோ பிளாஸ்டிக்கின் பக்கம் திரும்பிற்று. வடதுருவ சமுத்திரத்தின் பனிக்கட்டிக்குள்ளும் பிளாஸ்டிக் துகள்கள் அகப்பட்டிருக்கின்றன என்று நான் சொல்லக் கேட்ட முதியவர் ஒருவர், “ஐயா, அங்கே பனிக்கட்டிக்குள் என்ன கிடந்தால் நமக்கென்ன? நம் கண்மாய்க்குத் தண்ணீர் வருமா என்று சொல்லுங்கள்” என்றார். கூடியிருந்தோர் நகைத்தனர். அவர் கேட்டது நியாயமான கேள்வியே. அன்று நான் சொன்ன விடை அவசரத்தில் சொன்னதாதலால், அதனைச் சற்று விஸ்தாரமாக இங்கே எழுதத் துணிந்தேன்.

பிளாஸ்டிக் என்று நாம் பொதுவாகச் சொல்லுவது ஒரே பொருளன்று. தோட்டத்தில் விரிக்கும் மூடாக்குத் தாள், நாற்றுப் பை, சொட்டுநீர்ப் பாசனத்தின் பக்கக் குழாய் ஆகியவை பாலிதீன் வகையைச் சேர்ந்தவை. உரச்சாக்குகள் பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன் இழையால் நெய்யப்பட்டவை. நிலத்தில் பதிக்கும் கெட்டிக் குழாய் பி.வி.சி.; மீன்வலைகளிற் பல நைலான்; நாம் உடுத்தும் துணியிற் பாதி இந்நாளில் பாலியெஸ்டர். இவற்றுள் எதுவும் வைக்கோலும் சருகும் போல மக்கி மண்ணாவதில்லை. வெயிலிலுள்ள புற ஊதாக் கதிர் பட்டுப் பட்டு அவை வலுவிழந்து, நொறுங்கி, துண்டு துணுக்காகி, துணுக்கு தூளாகிறது. தூள் கண்ணுக்குத் தெரியாமற் போனவுடன் பொருள் அழிந்துவிட்டது என்று நாம் எண்ணிக்கொள்ளுகிறோம். அது அழியவில்லை, எண்ணிக்கையிற் பெருகியிருக்கிறது. 5 மில்லிமீட்டருக்குக் குறைந்த இத்தகைய துண்டுகளையே நுண்பிளாஸ்டிக் என்று வழங்குகின்றனர். இங்கிலாந்தில் பிளிமத் சர்வகலாசாலையைச் சேர்ந்த ரிச்சர்ட் தாம்ஸன் என்பவரும் அவருடைய சகாக்களும் 2004-ம் வருஷத்தில் வெளியிட்ட ஆராய்ச்சிக்குப் பின்னரே இப்பெயர் எங்கும் பரவிற்று.

இப்போது வடதுருவத்தைக் கவனிப்போம். அச்சமுத்திரத்தின் கரையில் ஏர் உழும் நிலம் சொற்பம். பெரிய பட்டணங்களும் சொற்பம். அங்கே பிளாஸ்டிக் அகப்படுமாயின், அது வேறிடத்திலிருந்து வந்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டுவதில்லை. அமெரிக்க ஆராய்ச்சியாளர் அங்கே மிதக்கும் பனிக்கட்டியைத் தண்டு தண்டாகத் துளைத்தெடுத்து உருக்கிப் பார்த்து 2014-ம் வருஷத்தில் வெளியிட்ட கணக்கில், ஒரு கன மீட்டர் பனிக்கட்டிக்கு 38 முதல் 234 வரை துகள்கள் இருந்தன. ஜெர்மனி தேசத்து ஆல்ஃப்ரட் வெகனர் ஸ்தாபனத்தார் இதனினும் நுட்பமான கருவி கொண்டு ஆராய்ந்து 2018-ல் வெளியிட்ட கணக்கில், அதிகபட்சம் லிட்டர் ஒன்றுக்கே 12,000 துகள்கள் கண்டிருக்கிறது. நான்கு வருஷத்தில் இவ்வளவு பெருகிவிட்டது என்று வாசகர்கள் கொள்ளலாகாது. முன்னவர் கருவிக்கு அகப்படாத சிறு துகளும் பின்னவர் கருவிக்கு அகப்பட்டன என்பதே பிரதான காரணம். அவற்றுட் பாதிக்கு மேற்பட்டவை ஒரு மில்லிமீட்டரின் இருபதில் ஒரு பங்கினும் சிறியவை.

பனிக்கட்டி இருக்கட்டும், சமுத்திரத்தின் அடித்தரையைப் பற்றிய செய்தி இன்னும் கவனிக்கத்தக்கது. கிரீன்லாந்துக்கும் ஸ்பிட்ஸ்பெர்கன் தீவுக்கும் இடையே 2,300 மீட்டர் முதல் 5,500 மீட்டர் வரை ஆழமுள்ள இடங்களிலிருந்து எடுத்த சேற்றை அதே ஸ்தாபனத்தார் ஆராய்ந்து 2017-ல் வெளியிட்டனர். உலர்ந்த சேறு கிலோ ஒன்றுக்கு 42 முதல் 6,595 வரை துகள்கள் இருந்தன. நீரினும் இலேசான பாலிதீன் அவ்வளவு ஆழத்திற்குப் போவானேன் என்று கேட்கலாம். மிதக்கும் துகளின்மேல் பாசி படர்ந்து, களிமண் ஒட்டி, பாரம் ஏறி, அது மெதுவாக அமிழ்கிறது. பனிக்கட்டிக்குள் உறைந்த துகள் கட்டி உருகும் இடத்தில் விடுபட்டு இறங்குவதும் உண்டு. வடதுருவ நீரிலுள்ள துகள்களை ஆராய்ந்து 2021-ல் வெளியான மற்றோர் ஆராய்ச்சியில், நூற்றுக்கு 92 பங்கு செயற்கை நூலிழைகளாகவும், அவ்விழைகளில் நூற்றுக்கு 73 பங்கு பாலியெஸ்டராகவும் இருந்தன. துணி துவைத்த நீரே இவற்றின் மூலமாயிருக்கலாம் என்று கருதுகின்றனர். அட்லாண்டிக் சமுத்திரத்தின் நீரோட்டம் ஒரு பங்கையும், காற்றும் பனிமழையும் ஒரு பங்கையும் கொண்டு சேர்க்கின்றன. நமது இந்திய சர்க்காருக்கும் ஸ்பிட்ஸ்பெர்கன் தீவில் ‘ஹிமாத்ரி’ என்ற ஆராய்ச்சி நிலையம் 2008-ம் வருஷ முதல் உண்டு.

நம் கண்மாயிலிருந்து புறப்பட்ட சாக்கு நூல் வடதுருவம் போய்ச் சேருகிறது என்று யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லேன். நான் சொல்ல வந்தது வேறு. வயலும் கடையும் இல்லாத கடலின் அடியிலேயே இவ்வளவு சேற்றோடு கலந்திருக்குமானால், வயலும் கடையும் நிறைந்த நம் நாட்டுக் கடலோரத்தில் எவ்வளவு கலந்திருக்கும் என்பதை ஊகித்துக் கொள்ளலாம் என்பதே.

நமது ஜில்லாவின் நீர் போகும் வழியை நாம் அறிவோம். மேட்டு நிலத்து மழைநீர் வரத்துக்காலில் இறங்கிக் கண்மாய்க்கு வருகிறது. கண்மாய் நிறைந்தால் கலிங்கு வழியே வழிந்து கீழ்க் கண்மாய்க்குப் போகிறது. ஐயாயிரத்துக்கு மேற்பட்ட கண்மாய்களும் ஏந்தல்களும் குளங்களும் இவ்வாறு ஒன்றின் கீழ் ஒன்றாகக் கோக்கப்பட்டிருக்கின்றன. மிகுந்த நீர் வெள்ளாறு முதலிய ஆறுகளில் சேர்ந்து, மணமேல்குடிப் பக்கத்துக் கரையில் பாக் விரிகுடாவை அடைகிறது. இவ்விரிகுடா ஆழமற்றது, பெரும்பாலும் பத்து மீட்டருக்குள் அடங்கும். தெற்கே இராமேசுவரமும் ஆதம் பாலமும் கரை கட்டினாற்போல் நிற்கின்றன. ஆகவே இதனைக் கடல் என்பதைவிட, கலிங்கு குறுகிய பெரியதொரு கண்மாய் என்று கொண்டால் விஷயம் விளங்கும். வெள்ளம் கொண்டுவரும் வண்டல் தூரம் போகாமல் கரையோரத்திலேயே படிகிறது; வண்டலோடு வந்த துகளும் அங்கேயே படிகிறது.

அவ்வாறு படியும் தரை வெறுந்தரையன்று. கடற்புல் அடர்ந்த மேய்ச்சல் நிலம் அது. ஆவுளியா என்னும் கடற்பசு அப்புல்லைத் தின்றே ஜீவிப்பது. அதன் பாதுகாப்புக்காகத் தஞ்சாவூர், புதுக்கோட்டை ஜில்லாக்களின் கரையோரக் கடலில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பை 2022-ம் வருஷத்தில் தமிழ்நாடு சர்க்கார் காப்பகமாக அறிவித்தனர். ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம் முதலிய துறைகளில் இறங்கும் நண்டும் இறாலும் இதே தரையை மேய்பவை. இராமேசுவரம் தீவின் கரை மணலில் பாலிப்ரொப்பிலீன், பாலிதீன் முதலிய துகள்கள் இருப்பதாக 2018-லும், தூத்துக்குடி உப்பளத்து உப்பிலேயே துகள்கள் இருப்பதாக 2020-லும் ஆராய்ச்சிகள் வெளியாயின. இவற்றுள் வலையும் கயிறும் போட்ட பங்கு மீன்பிடிப்போரைச் சேர்ந்தது. பட்டணத்துச் சாக்கடை போட்ட பங்கும் பெரிது. குடியானவர் பங்கு எவ்வளவு என்பதே இங்கே நாம் பார்க்க வேண்டியது. பிறர் பங்கைச் சொல்லி நம் பங்கை மறைத்துக்கொள்ள முடியாது. உலகமெங்கும் பயிர்த்தொழிலிலும் கால்நடை வளர்ப்பிலும் வருஷமொன்றுக்கு 125 லட்சம் டன் பிளாஸ்டிக் சாமான்கள் உபயோகமாகின்றன என்று ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய ஸ்தாபனம் 2021-ல் கணக்கிட்டிருக்கிறது.

முதலில் மூடாக்குத் தாள். நம் குடியானவர்கள் இதனை ‘மல்ச்சிங் ஷீட்’ என்றே வழங்குகின்றனர். மிளகாய், தர்ப்பூசணி, கத்தரி முதலிய பயிர்களில் களையை அடக்கி ஈரத்தைக் காப்பதில் இது மிகுந்த பிரயோசனமுள்ளது என்பதில் ஐயமில்லை; சிபாரிசு செய்தவர்களில் நானும் ஒருவன். ஒரு கணக்கு மட்டும் போட்டுப் பார்ப்போம். 25 மைக்ரான் கனமுள்ள தாள் ஒரு சதுர மீட்டர் சுமார் 23 கிராம் நிறை நிற்கும். ஏக்கர் நிலத்தில் பத்துக்கு ஆறு பங்கு பரப்பை மூடினால் 2,400 சதுர மீட்டருக்குச் சற்று அதிகமாகும். நிறை ஏறக்குறைய 56 கிலோ. அறுவடைக்குப் பின் இதில் பத்தில் ஒரு பங்கு மண்ணிலேயே நின்றுவிட்டது என்று வைத்துக்கொண்டால், அது ஐந்தரைக் கிலோவுக்குச் சற்று மேல். பார்வைக்கு ஒரு சிறு மூட்டைதான். ஆனால் அத்தாள் ஒரு மில்லிமீட்டர் சதுரத் துணுக்குகளாக உடைந்தால், ஏக்கர் ஒன்றுக்கு 24 கோடி துணுக்குகள் ஆகின்றன. ஒரு போகத்துக் கணக்கு இது.

இவ்விஷயத்தில் என் பிழையொன்றையும் மறைக்காமற் சொல்லவேண்டும். சில வருஷங்களுக்கு முன் ஆலங்குடி தாலூகாவில் ஒரு மிளகாய்த் தோட்டத்தில், பழைய தாளைப் பொறுக்கியெடுக்க ஆள் கூலி அதிகமாகிறதென்று தோட்டக்காரர் முறையிட்டார். “அப்படியே ரோட்டவேட்டர் விட்டு உழுதுவிடுங்கள், மெல்லிய தாள்தானே” என்று நான் சொல்லிவிட்டேன். மறு பட்டத்தில் களை பறித்த பெண்கள் பிடுங்கிய களைகளின் வேரில் எல்லாம் கறுப்புத் துணுக்கு சுற்றியிருந்தது. ஐப்பசி மழையில் பாத்தி மண்ணோடு துணுக்குகள் இறங்கி வாய்க்காலை அடைந்தன. கீழ்க் கண்மாயின் மடைக்கண்ணில் கறுப்பாகத் திரண்டு நின்றன. தோட்டக்காரர் அதில் ஒரு கையளவு அள்ளி, ஒரு வார்த்தையும் பேசாமல் என் சைக்கிள் கூடையில் வைத்தார். அன்று முதல் அந்தச் சிபாரிசை எவருக்கும் செய்வதில்லை. கலப்பை பட்ட தாளை மண்ணிலிருந்து மீட்க முடியாது. கலப்பை படுமுன் மீட்கலாம்.

தாள் எவ்வளவு மெல்லியதோ அவ்வளவு மலிவு என்று கடைக்காரர் சொல்லுவதை நம்பலாகாது. சீன தேசத்தில் பருத்தி விளையும் பிரதேசங்களில் மிக மெல்லிய தாளைப் பல வருஷம் விரித்து, எடுக்க முடியாமற் கிழிந்து, நிலமே தாளும் மண்ணுமாகக் கலந்துபோயிற்று. அதன் பிறகே அங்கே 10 மைக்ரானுக்குக் குறைந்த தாள் கூடாதென்று 2018-ம் வருஷம் மே மாத முதல் விதித்தனர். நம்மிடத்தில் 25 அல்லது 30 மைக்ரான் தாளே வழக்கம். வெயிலில் ஒரு போகத்துக்கு மேல் கிடந்தால் அதுவும் சுருட்டும்போது கையோடு வராது. ஆகையால் கடைசிப் பறிப்பு முடிந்த வாரத்திலேயே, செடியை வேரோடு அகற்றி, மண் சிறிது ஈரமாயிருக்கும்போது ஓரத்து மண்ணைத் தள்ளிச் சுருட்டி எடுத்துவிட வேண்டும். தானே மக்கிவிடும் தாள் என்று விற்கப்படுவனவற்றிலும் ஜாக்கிரதை தேவை. அவற்றிற் சில, வெயிலில் சீக்கிரம் நொறுங்கும்படி மருந்து சேர்த்த சாதாரணப் பாலிதீனே. நொறுங்குவது வேறு, மக்குவது வேறு. ஆக்ஸோ வகை எனப்படும் அச்சரக்கை ஐரோப்பிய ஒன்றியத்தார் 2021-ல் தங்கள் சந்தையில் விலக்கிவிட்டனர். கரும்புச் சோகை, வைக்கோல், தென்னை மட்டைத் தூள் ஆகியவை தோட்டத்திலேயே கிடைக்கும் இடங்களில், தாளைவிட இவை களையைச் சிறிது குறைவாக அடக்கினாலும், பின்னால் பொறுக்கும் கூலி கிடையாது.

அடுத்து உரச்சாக்கு. இதைப்பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லையாதலால் நான் சற்று நின்று எழுதுகிறேன். அடைமழையில் கரை உடைந்தால், ஊரார் கூடிக் கையில் அகப்பட்ட சாக்கிலெல்லாம் மணல் நிரப்பி அடுக்கி உடைப்பை அடைக்கிறோம். அந்த நேரத்தில் அது சரியே. கரையும் பயிரும் பிழைக்கின்றன. மழை ஓய்ந்தபின் மூட்டைகள் அங்கேயே கிடக்கின்றன. வேண்டிய காப்பு மருந்து சேராத சாக்கு, பங்குனி, சித்திரை, வைகாசி வெயிலைத் தாங்காது. சாக்கைத் தொட்டால் வெள்ளை நூல் நூலாகக் கையில் ஒட்டிக்கொள்வதை எல்லாரும் பார்த்திருக்கிறோம். அடுத்த மழையில் மணல் சரிந்து, நூல் முழுதும் கண்மாய் உள்வாயிலோ கலிங்குக்குக் கீழோ போய்விடுகிறது. 2018-ம் வருஷம் நவம்பர் மாதத்தில் கஜா புயல் அடித்த பின்னர் வீட்டுக் கூரைகளில் விரித்த தார்ப்பாய்களுக்கும் இதே கதிதான் நேர்ந்தது.

பழைய காலத்தில் உடைப்புக்குப் பனை மரமும் வைக்கோற் புரியும் சணற் கோணியும் உபயோகித்தனர். அவை மக்கிக் கரையோடு சேர்ந்துவிடும். இன்றும் ஒவ்வொரு கண்மாய்க்கும் நூறு சணற்சாக்குகளை ஊராட்சியில் முன்கூட்டி வாங்கி வைப்பது பெருஞ்செலவாகாது. பிளாஸ்டிக் சாக்கே அகப்பட்டதென்றால், வெள்ளம் வடிந்தவுடன் உடைப்பை மண்ணிட்டுக் கெட்டிக்கும்போது மூட்டைகளைப் பிரித்து மண்ணைக் கரையிற் கொட்டிச் சாக்கைத் திருப்பி எடுத்துக்கொள்ளலாம். எடுக்க இயலாதவற்றின்மேல் ஒரு முழக் கனத்திற்குக் களிமண் போட்டுப் புல் பதித்துவிட்டால் வெயில் படாது. வெயில் படாத சாக்கு எளிதில் நூலாவதில்லை. கிராம நிர்வாக அதிகாரிகளும் ஊராட்சித் தலைவர்களும் கரை பார்வையிடும்போது இதனையும் ஒரு குறிப்பாகக் கொள்வாராக.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். தைலமரக் கன்றும் முந்திரிக் கன்றும் நடும்போது நாற்றுப் பையைக் கிழித்துக் குழியருகே போடுவது வழக்கமாகிவிட்டது; இடுப்பில் ஒரு கோணியைக் கட்டிக்கொண்டால் அவ்வளவும் வீடு வந்து சேரும். பட்டணத்துக் குப்பையிலிருந்து வரும் உரத்தை வாங்குவோர், ஒரு கூடையை வெள்ளைத் துணியிற் பரப்பிப் பார்த்துத் துணுக்கு தெரிந்தால் வண்டியைத் திருப்பியனுப்புவது உத்தமம். 2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டிலும் 2022 ஜூலை முதல் இந்தியா முழுதும், ஒரு முறை உபயோகித்து எறியும் பலவகைப் பிளாஸ்டிக்குகள் தடையாயின. ஆனால் மூடாக்குத் தாளும் உரச்சாக்கும் அத்தடையுள் அடங்கா. பழந்தாளை வரப்பில் வைத்துக் கொளுத்துவது கூடாது. புகை மார்புக்குக் கேடு, பி.வி.சி. குழாய்த் துண்டு கலந்தால் கொடிய விஷப்புகை உண்டாகும். எரியாமல் உருகிய கட்டியும் நிலத்திலேயே தங்கும். மண் உதறிக் காயவைத்துக் கட்டாகக் கட்டி, ஊராட்சியார் பிளாஸ்டிக் சேகரிக்கும் இடத்திற் சேர்ப்பதே வழி.

இத்துகளால் மண்ணுக்கு என்ன நஷ்டம்? அறிந்த அளவே சொல்லுகிறேன். 2016-ல் ஹாலந்து தேசத்து ஆராய்ச்சியாளர், பாலிதீன் தூள் கலந்த சருகை மண்புழுவுக்குக் கொடுத்துப் பார்த்ததில், கலப்பு மிக அதிகமான தொட்டிகளில் புழுக்கள் அதிகமாக மாண்டன, வளர்ச்சியும் குன்றிற்று. அவர்கள் கலந்த அளவு நம் வயல்களில் காணும் அளவினும் மிகப் பெரிது என்பதையும் சேர்த்துச் சொல்லுவது நேர்மை. பாலியெஸ்டர் இழை மண்ணின் கட்டுமானத்தையும் ஈரம் பிடிக்கும் தன்மையையும் மாற்றுகிறது என்று 2018-ல் வெளியான ஜெர்மானியப் பரிசோதனை காட்டிற்று. நாளைக்கே விளைச்சல் குறையும் என்று நான் பயமுறுத்தவில்லை. ஆனால் உப்பு ஏறிய நிலத்தைக் கூட நல்ல நீர் விட்டுக் கழுவித் திருத்தலாம். துகள் ஏறிய நிலத்தைத் திருத்தும் உபாயம் எந்த இலாகாவிடமும் இல்லை. அன்றியும், வட்டாட்சியர் அனுமதி பெற்றுக் கண்மாய் வண்டலை நாம் வயலுக்கு அடிக்கிறோம். மேல் வயலிலிருந்து இறங்கிய துகள், வண்டலோடு வண்டியேறிக் கீழ் வயலுக்கு வருகிறது.

உங்கள் வண்டலில் துகள் உண்டா என்று வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். ஒரு லிட்டர் நீரில் 350 கிராம் உப்பைக் கரைத்து நெருக்கமான பருத்தித் துணியில் இருமுறை வடிகட்டுக. எவர்சில்வர் அல்லது பித்தளைப் பாத்திரமே ஆகும். பிளாஸ்டிக் வாளி கூடாது. உலர்ந்த வண்டல் இரண்டு கைப்பிடியைப் பொடித்து அதிலிட்டுக் கரண்டியால் நன்றாகக் கலக்கி, மூடி, ஓர் இரவு அசையாமல் வைக்கவேண்டும். உப்புநீர் கனமானதாதலால் பாலிதீன், பாலிப்ரொப்பிலீன், நைலான் ஆகியவை மேலே மிதக்கும். களியும் மணலும் அடியில் தங்கும். பாலியெஸ்டரும் பி.வி.சி.யும் இதில் மிதவா. காலையில் மேல் நீரை வெள்ளைத் துணியில் சாய்த்தெடுத்து, பூதக்கண்ணாடி வைத்து நோக்குக. சருகும் வேரும் கூடவே மிதந்திருக்கும். சந்தேகமானவற்றின்மேல் பழுக்கக் காய்ச்சிய ஊசியை வைத்தால், சருகு கருகும். பிளாஸ்டிக் உருகிச் சுருண்டுகொள்ளும். கண்ணுக்குத் தெரியாத துகளை இம்முறை காட்டாது.

முதலிற் சொன்ன முதியவருக்கும் இம்முறையைச் சொல்லிவிட்டு வந்தேன். அடுத்த முறை நான் அவ்வூருக்குப் போனபோது, தம் கண்மாய் வண்டலைக் கரைத்து வடித்த துணியை மடித்து வைத்திருந்து எடுத்துக் காட்டினார். அதில் கறுப்புத் துணுக்கு சிலவும், வெள்ளை நூல் ஒரு கொத்தும் இருந்தன. நூலை விரலில் எடுத்துத் திருப்பிப் பார்த்து, “இது நம் தெற்கு மடை உடைப்புச் சாக்கு” என்றார். ஐப்பசி பிறக்குமுன் தெற்கு மடையண்டை கிடக்கும் மூட்டைகளைப் பிரித்தெடுப்பதென்று அவ்வூர் ஆயக்கட்டுதாரர் பேசியிருக்கின்றனர். சணற்சாக்கு என்ன விலை ஆகும் என்று புதுக்கோட்டையில் விசாரித்துச் சொல்லும் வேலையை என்னிடம் விட்டிருக்கின்றனர்.